சொல்லாத பெயர்

“சீக்கு வந்த கோழிக்குக்கூட ஜெபிச்சீங்களே அத்தே, என் பேரு மட்டும் ஏன் வரல?” என்று செண்பகம் ஒருநாள் மாலை ஜெபம் முடிந்ததும் கேட்டாள். அவளைக் கொஞ்ச காலத்துக்கு வளர்க்க ஏற்றிருந்த எஸ்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நீ திரும்பிப் போற பிள்ளல்லா? பேரு சொல்லிப் பழகிட்டா விட மனசு வராதுட்டி. சரி, நாளைக்குச் சொல்லுதேன்.”

மறுநாள் மாலை ஜெபத்துக்கு முன்பே குழந்தைகள் நல அதிகாரிகள் வந்து அவளைப் பெற்ற அப்பனிடம் ஒப்படைத்துவிட்டார்கள். மழைக்காலத்தில், கல்குவாரித் தண்ணீரில் அவள் மிதந்த செய்தி வந்தது.

இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் எஸ்தரின் சபையில் இல்லை. அந்த ஞாயிறு தலைவலி என்று பொய் சொல்லி வீட்டிலேயே தங்கினாள். எல்லோரும் ஆலயத்துக்குப் போனதும் கதவைச் சாத்தி, முழங்காலில் நின்று, தன் பிள்ளைகளின் பெயர்களுக்கு முன்னால் செண்பகத்தின் பெயரை வாய்விட்டுச் சொன்னாள்.