புன்னை மரத்தடி மணல்

“சூலியா தெருவுல கட்டடம் கட்டுறவன் இன்னும் மணல் கேக்குறான். நம்ம குழியிலதான் ஒண்ணுமில்ல. சனிக்கிழமையோட மூடச் சொல்லிட்டாரு துரை. நாம குடியிருக்குற லயத்தையும் காலி பண்ணணும்” என்றார் கங்காணி சுப்பையா.

நான்தான் வாயைத் திறந்தேன்.

“புன்னை மரத்தடியில நல்ல மணல் இருக்குண்ணே. மார்பளவு தோண்டினாலும் களிமண் வராது.”

“கனவுல கண்டியா, பாக்கியசாமி?”

“தோண்டியிருக்கேன்.”

துரை மரத்துக்கு மேற்கே ஆள் விட்டுத் தோண்டிப் பார்த்தார். நான் சொன்னபடியே இருந்தது. இன்னும் இரண்டு வருடம் வேலை நடக்கும் என்றார். ஆட்கள் என்னைத் தூக்காத குறை.

“உனக்கு என்ன வேணும், கேளுலா” என்றார் கங்காணி.

“மரத்துக்குக் கிழக்கே முதல்ல நான்தான் வெட்டணும். அதுவரைக்கும் வேற யாரும் அங்க மண்வெட்டி வைக்கக்கூடாது.”

“ராஜா அடிக்கல் நாட்டப் போறாருடா” என்று எல்லோரும் சிரித்தார்கள்.

கூடை சுமக்கும் என் மனைவி கேத்தரின் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் விடியும்போது மண்வெட்டியோடு தன் பழைய சேலை ஒன்றையும் மடித்துக் கொடுத்தாள்.

ஞானஸ்நானத்துக்கு முன்பே செத்த பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று சாமியார் சொன்ன அன்று, எங்கள் மகனுக்கு அந்த மரத்தடியில், கிழக்குப் பக்கம்தான் குழி வெட்டினேன்.