வீட்டுக்குள் அட்டை

"வீட்டுக்குள்ளேயுமா மாமா கழுத்துல அட்டை?"

"ரூல்னா ரூல்தாம்மா."

மாமனார் பெரிய கம்பெனியில் செக்யூரிட்டி ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காவலில் கொசுகூட அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத்தான் கடிக்கும் என்பார்கள்.

மகனும் மருமகளும் வேலை மாற்றலாகி அவரோடு தங்க வந்த அன்றே ஆளுக்கொரு அட்டையை மாட்டிவிட்டார். கொட்டை எழுத்தில் 'மகன்', 'மருமகள்'. தண்ணீர் கேன் போடுகிறவர்கூட 'தண்ணீர்' என்று மாட்டிக்கொண்டுதான் வாசலைத் தாண்டினார்.

"எனக்குன்னு ஒரு பேர் இருக்கே மாமா?"

"பதவிதாம்மா முக்கியம். அப்புறம், எந்த ரூமுக்குப் போனாலும் 'மருமகள் வர்றேன்'னு குரல் கொடுத்துட்டுப் போ. முகத்தை நம்பி ஆளை உள்ளே விடக்கூடாது. எங்க தொழில்ல அதுதான் பாலபாடம்."

"அப்போ நான் திருடியா?"

அவர் சிரித்துக்கொண்டே தாழ்ப்பாளை ஆட்டிப் பார்க்கப் போய்விட்டார். அவர் கழுத்திலும் ஒரு நாடா உண்டு. அட்டை மட்டும் சட்டைக்குள். என்ன பதவியோ, வெளியே எடுக்கமாட்டார்.

மாமியார் அவருக்கு ஒருபடி மேல். முதலில் அட்டையைப் பார்ப்பார், அப்புறம்தான் முகத்தை. பிறகு "வாம்மா மருமகளே" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். இது பாசமா, பரிசோதனையா? மருமகளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஒரு நாள் காலையில் புருஷனைப் பிடித்தாள். "வேற வீடு பாருங்க. இல்லேன்னா எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பறேன்."

"அப்பா அப்படித்தான். சாயங்காலம் பேசலாமே." மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஆபீசுக்கு நழுவிவிட்டான்.

அவள் அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். குரல் கொடுக்காமலே மாமியார் அறைக்குள் நுழைந்தாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் அவள் கழுத்தைப் பார்த்தார். கை நின்றுவிட்டது.

"யாரும்மா நீங்க? யாரைப் பார்க்கணும்?"

"விளையாடாதீங்க அத்தை."

"எனக்கு உங்களைத் தெரியலையே." மாமியார் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

சத்தம் கேட்டு மாமனார் ஓடிவந்தார். மாமியார் அவரையும் அதே பயத்தோடு பார்த்தார். "நீங்க யாரு?"

அவர் அவசரமாகச் சட்டைக்குள் கையை விட்டு அட்டையை வெளியே எடுத்தார். கொட்டை எழுத்தில் 'கணவர்'.

மாமியார் எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் மலர்ந்தது. "நீங்களா? பாருங்க, யாரோ வந்து நிக்கறாங்க."

மாமனார் மருமகளை வெளியே கூட்டிவந்தார்.

"தனக்கு மறதி நோய்னு அவளுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாம்மா. அதான் ரூல்னு சொல்லி வெச்சிருக்கேன். நான் ஒரு கிறுக்கன்னு நினைச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கா. பையன்கிட்ட சொல்ல வாய் வரலை."

மருமகள் ஆணியிலிருந்து அட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். எழுத்து முன்னால் தெரியும்படி திருப்பிவிட்டாள்.

அறை வாசலில் நின்று குரல் கொடுத்தாள்.

"அத்தை, மருமகள் வர்றேன்."