தொழில்: இல்லை

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தில்லையடியைச் சேர்ந்த பஹ்மிதா என்ற முப்பத்தைந்து வயதுப் பெண்ணிடம் கேட்டு எழுதிக்கொண்ட கதை இது. பெயர்களை மாற்றித்தான் சொல்வேன் என்று அவர் முதலிலேயே கூறிவிட்டார்.

ஸக்கியாவின் கையிலிருந்த கூடையை ஃபஸ்னா பிடுங்கினாள்.

"நீ குவிச்சுத் தா. சுமக்கிறது நான்."

அந்த உப்பளத்தில் பெண்கள் சோடி சோடியாக வேலை செய்வார்கள். ஒருத்தி பாத்தியில் உப்பைக் குவித்துக் கூடையில் அள்ளித் தருவாள். மற்றவள் அதைத் தலையில் சுமந்து, வரம்பு வழியே கொண்டுபோய்க் கொட்டுவாள். அரை நாளுக்கு ஒருமுறை ஆள் மாறுவது வழக்கம். அந்த ஓகஸ்ட் அறுவடை முழுவதும் ஃபஸ்னா மாறவே விடவில்லை.

ஸக்கியாவுக்கு அப்போது ஏழு மாதம். முந்தைய பிள்ளை எட்டாம் மாதத்தில் தவறியிருந்தது. இதுவாவது தங்கவேண்டுமே என்ற பயம் அவளுக்கு. வேலை போய்விடக்கூடாதே என்ற பயமும் கூடவே இருந்தது. கங்காணி அபூசாலியின் கண் சுமப்பவர்கள் மீதுதான் இருக்கும். குவிப்பவளை அவர் ஒரு வேலைக்காரியாகவே எண்ணுவதில்லை.

"நானும் கொஞ்சம் சுமக்கிறன் ராத்தா. அவர் பார்த்துக்கொண்டு நிக்கிறார்" என்றாள் ஒருநாள்.

"பார்க்கட்டுமே. நீ நடக்கிற நடைக்கு உப்பு வரம்பிலேயே கரைஞ்சிரும்" என்றாள் ஃபஸ்னா. "எனக்கு மூணு புள்ளையும் உப்புச் சுமந்துதான் புறந்திச்சு. நான் இரும்பு. நீ கண்ணாடி. தள்ளி நில்லு."

பக்கத்துப் பாத்திப் பெண்கள் சிரித்தார்கள். கங்காணியிடம் நல்ல பெயர் எடுக்கத்தான் ஃபஸ்னா இப்படி ஓடுகிறாள் என்று, பகல் சோற்றின்போது ஸக்கியாவின் காதில் விழும்படி பேசிக்கொண்டார்கள்.

ஸக்கியா முதலில் நம்பவில்லை. அடுத்த அறுவடைக்குக் கங்காணி பெயர் எழுதியபோது நம்பினாள். அதில் ஃபஸ்னாவின் பெயர் இருந்தது. ஸக்கியாவின் பெயர் இல்லை.

ஒக்டோபரில் ஸக்கியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நிறை மூன்று கிலோ. ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைத்தபோது தெருவே வந்து சாப்பிட்டது. ஃபஸ்னா வீட்டுக்கு மட்டும் சொல்லி அனுப்பவில்லை. ஜனவரிக் கடைசியில் ஃபஸ்னாவுக்கு நாலாவது பிள்ளை பிறந்த கதையும் வந்தது. ஸக்கியா போய்ப் பார்க்கவில்லை.

பெப்ரவரி மாதக் கிளினிக்கில் இருவரும் ஒரே வரிசையில் அகப்பட்டார்கள். ஃபஸ்னா முன்னால், அவளுக்கு அடுத்து ஸக்கியா.

ஃபஸ்னாவின் மடியில் ஒரு துணிச் சுருள் கிடந்தது. அது முனகிய பிறகே உள்ளே ஒரு குழந்தை இருப்பது ஸக்கியாவுக்குத் தெரிந்தது.

குடும்பநல மாது யூஜீனியா மிஸ் குழந்தையை நிறுத்துவிட்டு அட்டையைப் பார்த்தார்.

"பிறக்கேக்க ஒண்டரைக் கிலோ. இப்பவும் ரெண்டுக்கு வரேல்ல. மாதம் நிறைஞ்சு பிறந்த பிள்ளை. உங்கட மற்ற மூண்டும் நல்ல நிறை. இதுக்கு மட்டும் என்ன நடந்தது?"

ஃபஸ்னா பிள்ளையை மறுபடி துணியில் சுற்றினாள்.

"தொழில் இல்லையெண்டு எழுதியிருக்கு. வயிற்றோட பாரம் ஏதும் தூக்கினீங்களா?"

உப்பளத்துப் பெண்கள் அட்டையில் அப்படித்தான் எழுதுவிப்பார்கள். உண்மையைச் சொன்னால், வேலையை நிறுத்துங்கள் என்று மிஸ் சொல்வார். ஸக்கியாவின் அட்டையிலும் தொழில் இல்லைதான்.

ஃபஸ்னா திரும்பினாள். ஸக்கியாவைப் பார்த்தாள். அவள் தோளில் உருண்டு திரண்டு தூங்கிய பிள்ளையைப் பார்த்தாள்.

"இல்ல மிஸ். நான் வீட்டிலதான் இருந்தன்."

"அப்ப தந்த திரிபோஷாச் சத்துமாவையெல்லாம் மூத்த பிள்ளைகளுக்குக் குடுத்திருப்பீங்க."

"ஓம் மிஸ். அது என்ட பிழைதான்."

மிஸ் ஏசத் தொடங்கினார். ஃபஸ்னா தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஸக்கியா விரல் மடித்து எண்ணினாள். ஜனவரிக் கடைசியில் மாதம் நிறைந்த பிள்ளையென்றால், ஓகஸ்ட் அறுவடையில் ஃபஸ்னாவின் வயிற்றில் நாலு மாதம். ஒரு சோடியில் இரண்டு வயிறு என்று தெரிந்திருந்தால், அபூசாலி அன்றே இருவரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அதனால்தான் அவள் வாய் திறக்காமல் இரண்டு பேரின் கூடையையும் சுமந்திருக்கிறாள்.

வெளியே போகும்போது ஃபஸ்னா ஒரு கணம் நின்றாள். ஸக்கியாவின் பிள்ளையுடைய பாதத்தை ஒரு விரலால் தொட்டாள்.

"கண்ணாடி உடையல்ல, பாத்தியா" என்றாள். போய்விட்டாள்.

பஹ்மிதா சொன்னது இவ்வளவே. கல்பிட்டியில் மூன்று பேரிடம் இதே கதையைக் கேட்டேன். மூவரும் ஒரே மாதிரி, ஆனால் வேறொரு முடிவையே சொன்னார்கள். அதில் ஸக்கியா எழுந்து நிற்கிறாள். "மிஸ், அவட அட்டையில உப்பளம் எண்டு எழுதுங்க. என்ட பாரத்தையும் அவதான் சுமந்தா" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்கிறாள்.

பின்னொரு நாள் அந்த முடிவைப் பஹ்மிதாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"கல்பிட்டி ஆக்கள் நல்ல சனம்" என்றார். "கதையிலயாவது அவளைப் பேச வச்சிருக்காங்க. நான் பேசல்ல."