வெள்ளீயக் கோப்பை

கோப்பை உடனே மூழ்கவில்லை.

உருகிய ஈயத்தின் மேல் நிமிர்ந்தபடி மிதந்தது. ஆர்லன் கரண்டியும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஈயத்தைவிட வெள்ளீயம் லேசு, கொஞ்ச நேரம் மிதக்கத்தான் செய்யும். நாற்பது வருடமாகத் துப்பாக்கிக் குண்டு வார்க்கிற மனுஷனுக்கு இது தெரியாததா. இருந்தாலும் இது இவ்வளவு நேரம் மிதந்திருக்க வேண்டாம்.

முதலில் அடிப்பக்கம் கரைந்தது. பெயர் பொறித்திருந்த பக்கம் கடைசியாகப் போனது.

கிரேட்டா.

அவருடைய மகள். பதினான்கு மாதம் இருந்தாள். போய் முப்பத்தொரு வருடமாகிறது.

சனிக்கிழமை எல்க் மான் வேட்டை தொடங்குகிறது. மோன்டானாவில் அந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள் பாதிப் பேர் கடையில் தோட்டா வாங்கிவிடுவார்கள். ஆர்லன் வாங்கமாட்டார். தன் குண்டைத் தானே வார்த்து, வெடிமருந்தைத் தானே நிறுத்துப் போட்டு, தோட்டாவைத் தானே மூடினால்தான் அவருக்கு மனசு ஆறும்.

வெறும் ஈயம் அச்சின் மூலைமுடுக்கில் சரியாக இறங்காது. கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால் குண்டு வழவழவென்று வரும். அதற்காகவே மாதம் ஒருமுறை சர்ச்சுக்காரர்களின் பழைய சாமான் கடைக்குப் போவார். ஓட்டைக் குவளை, ஒடிந்த மெழுகுவர்த்தித் தண்டு, எதுவானாலும் அள்ளிக்கொண்டு வருவார்.

"ஊர்ல ஒரு வெள்ளீயச் சாமான மிச்சம் வைக்கமாட்டியே நீ," என்று கடையைப் பார்த்துக்கொள்ளும் வெர்னா போன திங்களன்றுகூடக் கேலி செய்தாள்.

அன்றைக்கு அவரால் பதிலுக்குச் சிரிக்க முடியவில்லை. உப்பு ஜாடிக்கும் சாம்பல் கிண்ணத்துக்கும் நடுவே அலமாரியில் அந்தக் கோப்பை உட்கார்ந்திருந்தது. குழந்தை உயர நாற்காலியிலிருந்து விட்டெறிந்து நசுங்கிய இடம்கூட அப்படியே இருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அவர் மனைவி மார்லிஸ் வீட்டை ஒழித்து, நாலு பெட்டிச் சாமானைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். அவர்தான் காரில் ஏற்றிவிட்டார். அதில் இதுவும் போயிருக்கிறது.

ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டே காசைக் கொடுத்து அதை வாங்கிவந்தார்.

கேட்டிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் கிரேட்டா பேச்சை எடுப்பதில்லை. முதல் வருடம் முழுக்க மார்லிஸ் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். எழுந்து நடமாட ஆரம்பித்ததே பெரிய காரியமாக இருந்தது. திரும்பப் படுத்துவிடுவாளோ என்ற பயத்தில் அவர் வாயை மூடிக்கொண்டார். அந்தப் பயம் முப்பது வருடம் ஓடிவிட்டது.

மூன்று நாள் கோப்பை ஷெட்டில் மேஜைமேல் நின்றது. மூன்று நாளும் யோசித்தார். ஒருவழியாக அவள் மனசைத் தேற்றிக்கொண்டு விட்டுவிட்டாள். அதை எடுத்துப்போய் அவள் கண்முன் நீட்டி ஆறின புண்ணைக் கிளறுவதா. அதற்காக யாரோ வாங்கிப் பல்குத்தும் குச்சி போட்டுவைக்கட்டும் என்று கடையிலேயே திரும்ப வைப்பதா.

அவள் விட்டாயிற்று, நாமும் விடுவோம் என்று இன்று காலை அடுப்பை மூட்டினார்.

வேறு குவளையென்றால் சுத்தியலால் தட்டையாக்கித்தான் பானைக்குள் போடுவார். இதன்மேல் சுத்தியலை ஓங்கக் கை வரவில்லை. முழுசாகவே இறக்கினார்.

கோப்பை கரைந்து முடிந்ததும் இரண்டும் ஒன்றுசேர ஒரு துண்டு மெழுகைப் போட்டு, புகை அடங்கும்வரை கிண்டினார். அடிவரைக்கும் கிண்டினார். சரியாகக் கலக்காவிட்டால் ஒரு குண்டு போல இன்னொன்று வராது.

பிறகு வார்த்தார். அச்சைத் திறந்து தட்ட, பளபளவென்று குண்டுகள் ஈரத்துண்டின்மேல் விழுந்தன. இவ்வளவு அழகாக அவருக்கு என்றைக்கும் வந்ததில்லை. அழுகை வந்தது. துடைக்கக் கை ஒழியாமல் அழுதுகொண்டே வார்த்தார். ஒன்றை மட்டும் சட்டைப்பையில் போட்டு மலைக்குக் கொண்டுபோக வேண்டும், சுடக்கூடாது என்று நினைத்துக்கொண்டார்.

பானை காலியாகும் நேரத்தில் கார் வந்து நின்றது. கதவைச் சாத்தும் சத்தம் கேட்கவில்லை. மார்லிஸ் ஓடிவந்தாள். அறுபது வயதில், இடுப்பு வலியோடு, ஓடித்தான் வந்தாள். மூச்சு வாங்கியது. முகத்தில் அப்படியொரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவர் மறந்தே போயிருந்தார்.

"பட்டன் டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன் ஆர்லன். அத மறந்து டப்பாவோட குடுத்துத் தொலைச்சிட்டேன். இன்னிக்குக் காலைலதான் ஞாபகம் வந்துது, எனக்கு உயிரே இல்ல. கடைக்கு ஓடினா, வித்துப்போச்சுங்கிறா வெர்னா. அப்புறம்தான் சொல்றா, வாங்கினது நீயாம். அப்பதான் மூச்சே வந்துது. வேற யாரா இருந்தாலும் போனது போனதுதான். உனக்கு நம்ம கிரேட்டா கப்பு அடையாளம் தெரியாமலா போயிடும்."

முப்பத்தொரு வருடத்தில் அந்தப் பெயரை அவள் வாயால் சொல்லி இப்போதுதான் கேட்கிறார்.

அவள் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள்.

துண்டின்மேல் எண்பதோ தொண்ணூறோ கிடந்தன. எதில் எவ்வளவு இருக்கிறதென்று இனி யாராலும் பிரிக்க முடியாது. ஆர்லன் கைக்கு வந்த ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"சூடா இருக்கே," என்றாள் மார்லிஸ். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே, சிரிப்பு மாறாமல், அவர் தோளுக்குப் பின்னால் மேஜையை எட்டிப் பார்த்தாள். "சரி, கப்ப எங்க வச்சிருக்க?"