முன் பெஞ்சு மாணவி

"பெரீம்மா, எந்திரிங்க. இது பி.ஏ. கிளாசு."

கிளாஸ் லீடர் சவுரியப்பன் சொன்னதும் ஹாலே சிரிச்சுது. மதலேனம்மா அசையல. டி.வி. பொட்டிக்கு நேரா முன் பெஞ்சுல, ஞாயித்துக்கெழம பூசைக்குக் கட்டற சேலையில, தலைய வழிச்சு வாரி ஒக்காந்திருந்துச்சு.

கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனா கிளாசுக்கு மொத ஆளு!

அது எம்பத்தாறாம் வருசம். மெட்ராசுல வாத்தியாரு பாடம் நடத்துவாரு, பொம்மிடி சர்ச் பக்கத்து ஹால்ல டி.வி.யில தெரியும். இங்கயும் ஒரு காமிரா. நம்ம மூஞ்சி அங்க போர்டோரம் இருக்கற பொட்டியில தெரியும், நாம கேட்டா அவரு அங்கேருந்தே பதில் சொல்லுவாரு. சோதனைக்கு நடத்துறாங்க, நல்லா நடந்தாத்தான் நீடிக்கும். பகல்ல தக்காளிக் கூடை தூக்குற சவுரியப்பனுக்குக் காலேஜுன்னா அந்தப் பொட்டிதான்.

மொத நாள் ஊரே வேடிக்கை பாக்க வந்துச்சு. மறுவாரம் ஊரு நின்னுக்கிச்சு. மதலேனம்மா நிக்கல.

முழுசா ஒக்காந்தாலும் பரவால்ல. வாத்தியாரு வர்றதுக்கு முன்னாடி அங்க ஒரு பியூன் வந்து போர்டு தொடைப்பான். முதுகு மட்டுந்தான் தெரியும். அவன் போயி வாத்தியாரு வணக்கம் சொல்ற நேரத்துக்கு, இது எந்திரிச்சுப் போயிடும்.

"வாத்தியாரு மூஞ்சி புடிக்கலயாட்டம் இருக்குது" ம்பான் பின் பெஞ்சு நஞ்சப்பன். "வுடுங்கடா. மவன் எட்டாவதுல அப்பங்கிட்ட ஒதை வாங்கி ஓடிட்டான். அவம் பேரை எடுத்தாக்கூட அந்த வூட்ல சோறு கெடையாது. அம்மாவாச்சும் படிக்கட்டும்."

அந்தப் பியூனும் லேசுப்பட்டவன் இல்ல. சுத்தமா இருக்கற போர்டையே திரும்பத் திரும்பத் தொடைப்பான்.

"அவனுக்கு அங்க வேற வேல இல்ல, இதுக்கு இங்க வேற வேல இல்ல" ன்னா ராஜமேரி. பசங்களுக்குச் சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுது.

இப்ப அடுத்த வாரம் ஆபீசருங்க பாக்க வர்றாங்கன்னு சேதி. அதான் சவுரியப்பன் அந்தம்மாவ எழுப்பறான்.

"வெளியாளு இருந்தா பொட்டியத் தூக்கிட்டுப் போயிடுவாங்க பெரீம்மா. எங்க பொழப்புல மண்ணப் போடாதீங்க."

"போர்டு தொடைக்கற மட்டுந்தாம்பா சவுரி. அப்புறம் போயிடறேன்."

"போர்டு தொடைக்கறதுல என்ன பி.ஏ. படிக்கறீங்க?"

மறுபடி சிரிப்பு. அந்தம்மா என்னமோ சொல்ல வாயத் தொறந்துச்சு. வாசல்ல சைக்கிள் மணி. புருசன் சவரிராயன்.

"இங்க என்னாடி பண்ற?"

தொறந்த வாய மூடிக்கிச்சு. ஒக்காந்திருந்த எடத்த முந்தானையால ஒரு தொட தொடச்சுட்டு வெளிய போச்சு.

அன்னிக்குப் பியூன் தொடைச்சான் தொடைச்சான், வாத்தியாரு வந்து வெரட்டற வரைக்கும் தொடைச்சான். அதுக்கும் ஒரு சிரிப்பு.

மறுவாரம் ஆபீசருங்க வந்து பின்னால ஒக்காந்தாங்க. முன் பெஞ்சுல சவுரியப்பன், சலவைச் சட்டையில, சிரிச்ச மூஞ்சியா.

டி.வி.யில பியூன் வந்தான். ஆனா தொடைக்கல. டஸ்டரக் கையில புடிச்சுக்கிட்டே திரும்புனான். இத்தன நாள்ல அன்னிக்குத்தான் மூஞ்சி தெரிஞ்சுது. ஒட்டுன கன்னம், அர மீச. காமிரா கிட்ட வந்து முன் பெஞ்சையே பாத்தான்.

சவுரியப்பனுக்குச் சிரிப்பு பாதியில நின்னுபோச்சு. எட்டாவதுல பக்கத்துல ஒக்காந்திருந்த மூஞ்சி அது.

அவன் வாத்தியாரு மைக்க இழுத்து, மெதுவாத்தான் கேட்டான்.

"சவுரி... எங்கம்மா ஏன்டா வரல?"