முதல் மீன் அறை

வாக்கெடுப்பு முடிய இரண்டு நிமிடம் இருந்தது. கடைவாய்ப்பல் பிடுங்க வந்தவரை உள்ளே அனுப்பிவிட்டு, நோயாளிகள் பதிவேட்டுக்குள் கைப்பேசியை ஒளித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசை வேலை எனக்கு. எதிரே, காத்திருப்பவர்கள் பயம் மறந்து பார்ப்பதற்காக ஒரு மீன் தொட்டி. அதையும் என் தலையில்தான் கட்டியிருந்தார்கள்.

கேள்வி ஒன்றுதான். மீன் வளர்ப்பவர்களின் இணையக் குழுவில் புதியவர்களுக்காக நான் திறந்த ‘முதல் மீன்’ அறை இருக்கலாமா, மூடிவிடலாமா?

மூடச் சொன்னவர் குழுவை ஆரம்பித்தவர். அங்கே அவருக்குப் பெயர் ஆழ்கடல். பதினான்கு பிரிவுகள், அதற்குள் உட்பிரிவுகள், எல்லாம் இஸ்திரி போட்டு அடுக்கிய துணி மாதிரி வைத்திருப்பார். தன் தொட்டியின் படத்தை மட்டும் ஒருநாளும் போட்டதில்லை. வீட்டில் ஒரு கடலையே வைத்திருப்பார், தம்பட்டம் பிடிக்காது போலிருக்கிறது என்று நாங்களே பேசிக்கொள்வோம்.

இரண்டு வருடம் முன்பு இதே நாற்காலியில் உட்கார்ந்து என் முதல் கேள்வியைப் போட்டேன். தண்ணி வெள்ளையா ஆகுது, மீன் ஒண்ணொண்ணா சாகுது, என்ன பண்றது?

ஏற்கெனவே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பயந்து வருகிறவர்கள். செத்து மிதக்கிற மீனைப் பார்த்தால் அப்படியே திரும்பிப் போய்விடுகிறார்கள். தொட்டி காலியானால் நீயும் கிளம்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நாலு நிமிடத்தில் ஆழ்கடலிடமிருந்து பதில் வந்தது.

‘முன்பே பேசப்பட்டது. தேடிப் பார்க்கவும். கேள்வி பூட்டப்பட்டது.’

தேடினேன். தினமும் பாதித் தண்ணீரை மாற்று என்றார் ஒருவர். தொடவே தொடாதே என்றார் இன்னொருவர். உப்புப் போடு. போடாதே. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குள் ஒன்றே ஒன்றுதான், ஓர் ஆரஞ்சு மீன், மிச்சமிருந்தது.

குழுவில் சேர்ந்து மூன்றே வாரமான ஒரு பஸ் டிரைவர் தனியாக எழுதிக் கேட்டார். அக்கா, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?

அதற்குப் பதில் எழுதும்போதுதான் எனக்கே உறைத்தது. குறடும் ஊசியும் ஆவியில் வேகிற இயந்திரத்தில், தினம் சாயங்காலம், தொட்டியின் வடிகட்டிப் பஞ்சையும் கூழாங்கல்லையும் சேர்த்து வேகவைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீரைக் காப்பாற்றுகிற நல்ல கிருமியையும் விட்டுவைக்கவில்லை. சுத்தம் சுத்தம் என்று நானேதான் கொன்றிருக்கிறேன்!

அந்தப் பாவத்தில் பிறந்ததுதான் என் அறை. உள்ளே வர வேண்டுமென்றால் உங்கள் முதல் மீன் எப்படிச் செத்தது என்று சொல்ல வேண்டும். பதில் சொல்ல வருகிறவர் முதலில் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். ‘தேடிப் பார்’ என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

ஒரே கேள்வி நூறு தடவை வரும், குழு சந்தைக்கடையாகிவிடும் என்று ஆழ்கடல் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால் இன்னொன்றும் சேர்த்தேன். மீன் பிழைத்ததும், கேட்டவரே நடந்ததை நாலு வரியில் எழுதி, ஆழ்கடலின் பதினான்கு பிரிவுகளில் சரியான இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

அவர் அசையவில்லை. வாக்கெடுப்பு என்றார்.

நேரம் முடிந்தது. திரையில் எண்கள் வந்தன.

மூடலாம், 96. இருக்கட்டும், 704.

எழுநூற்று நாலு! குழுவில் ஒரு வார்த்தை பேசாமல், எங்கே திட்டுவார்களோ என்று ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் வந்து வாக்களித்திருந்தார்கள். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்திவிட்டேன்.

“பல்லு போறது இவருக்கு, கத்துறது நீயா?” என்று உள்ளேயிருந்து டாக்டர் குரல் வந்தது.

“ஜெயிச்சுட்டோம் டாக்டர்!” என்றேன். என்ன, எதில் என்று அவர் கேட்கவில்லை. பல் குடைகிற இயந்திரம் மறுபடி கிர்ரென்றது.

அப்போதுதான் அறைக்குள் வர ஒரு புது விண்ணப்பம் வந்தது. பெயரைப் பார்த்தேன்.

ஆழ்கடல்.

தோற்ற கோபத்தில் சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன். முதல் மீன் எப்படிச் செத்தது என்ற கேள்விக்குக் கீழே இப்படி எழுதியிருந்தார்.

‘என் மீன் இன்னும் சாகவில்லை. அதனால் உள்ளே வர எனக்குத் தகுதி உண்டா, தெரியவில்லை. நான் இதுவரை மீன் வளர்த்ததில்லை. படித்திருக்கிறேன், அடுக்கியிருக்கிறேன், அவ்வளவுதான். நேற்றுதான் ஒன்று வாங்கினேன். தண்ணீர் வெள்ளையாகிவிட்டது. என் பிரிவுகளில் தேடினேன். நாற்பத்தொரு பதில்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் இழுக்கிறது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. என்ன செய்வது?’

மறைப்பானேன். ‘தேடிப்’ என்று என் விரல் அடித்தே விட்டது. எதிரே தொட்டியில் அந்த ஆரஞ்சு மீன் கண்ணாடியோடு ஒட்டி நின்று என்னையே பார்த்தது.

அழித்தேன். அவருக்கு அறையின் கதவைத் திறந்தேன். எங்கள் வழக்கப்படி முதலில் கேள்வி கேட்டேன்.

‘நேத்துலேருந்து தொட்டியை எத்தனை தடவை கழுவினீங்க ஐயா?’

‘மூன்று. நாலாவது தடவைக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.’

‘குழாயை மூடுங்க. நாங்க இருக்கோம்.’

அதற்குள் பஸ் டிரைவர் வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் ஒருவர், இன்னொருவர், முப்பது பேர். தொட்டி எத்தனை லிட்டர்? காத்து பம்பு ஓடுதா? தீனி எவ்வளவு போட்டீங்க? மீனுக்குப் பேரு வெச்சாச்சா?

அவர் கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொன்னார்.

‘இன்னும் இல்லை. பிழைத்த பிறகு வைக்கலாம் என்று இருந்தேன்.’

‘இப்பவே வைங்க’ என்று எழுதினேன்.