தோற்றுப்போன மிசின்

"நல்லது எனக்கு. மற்றது உனக்கு. நான் மூத்தவன்" என்றார் கதிர்காமு.

லண்டனிலிருந்து தங்கை சறோஜினிதேவி அனுப்பிய பெட்டி, வேலணையில் அவருடைய லொறி திருத்தும் கராச்சின் நடுவே திறந்து கிடந்தது. உள்ளே, காற்றில் ஓடி நட்டுக் கழற்றும் மிசின்கள் இரண்டு. ஒன்று சிவப்பு, பெரிது. மற்றது சாம்பல் நிறம், சின்னது. 'அண்ணைமார் இரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று. ஒரே மாதிரி இரண்டு கிடைக்கவில்லை' என்றது கடிதம். எது யாருக்கு என்று சொல்லவில்லை.

"பெரிசை நீங்களே எடுங்கோ, அண்ணை" என்றான் தம்பி பாலசிங்கம். "எனக்கு ஆரின்ர விட்டுக்குடுப்பும் வேண்டாம்."

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், குருநாகலில் தன்னுடைய வான் திருத்தும் கடை எரிய, உடுத்த சாரத்தோடு ஊர் வந்தவன் அவன். அண்ணன் அனுப்பிய அரிசி மூட்டையை இரண்டு முறை திருப்பி அனுப்பியவன். மனைவி அம்பிகையின் ஊரான புங்குடுதீவில் ஒரு கொட்டில் போட்டு, அவளுடைய காப்பை விற்றுக் காற்றடிக்கும் கொம்பிறசர் வாங்கியிருந்தான்.

மினிபஸ் முதலாளி ஒருவர் அவனிடம் சொல்லியிருந்தார்: "குறிகட்டுவான் துறையில வள்ளம் எனக்காக நிக்காது. பத்து நிமிசத்தில சில்லு மாத்தித் தருவீரெண்டால், என்ர மூண்டு பஸ்ஸும் உம்மட்டத்தான்."

பத்து நிமிடத்தில் முடிக்க மிசின் வேண்டும். ஓடுகிற மிசின்.

"பெரிசெல்லாம் நல்லதெண்டு ஆர் சொன்னது?" என்றார் கதிர்காமு. "போட்டி வைச்சுப் பாப்பம்."

போட்டி என்ற சொல் மதிலைத் தாண்டியதும் வைத்திலிங்கம் மாஸ்ரர் வந்துவிட்டார். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்து இளைப்பாறியவர். விஞ்ஞானம் இன்னும் இளைப்பாறவில்லை.

"கதிர்காமு, பரிசோதனைக்கு ஒரு முறை இருக்கு. ஒண்டை மட்டும்தான் மாத்தலாம். மிச்சமெல்லாம் ஒரே மாதிரி இருக்கவேணும்."

"அப்பிடியே செய்வம், மாஸ்ரர். ஒரே லொறி. ஒரே காத்து. பிடிக்கிறதும் நான் ஒராள்தான்."

"மெத்தச் சரி." மாஸ்ரர் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

கராச்சில் நின்றது கதிர்காமுவின் பழைய இங்கிலாந்து லொறி. சின்ன மிசினை வலப்பக்கத்து முன்சில்லில் வைத்து அமுக்கினார். டர்ர்ர். நட்டு கழன்று மண்ணில் விழுந்தது.

"ஆறு செக்கன்!" என்றார் மாஸ்ரர்.

கதிர்காமு பெரியதைத் தூக்கிக்கொண்டு லொறியைச் சுற்றி நடந்தார். "அந்தச் சில்லு இளகிப்போச்சு. தொடாத சில்லில பாக்கிறதுதான் நியாயம்."

"நியாயம்தான்" என்றார் மாஸ்ரர்.

டர்ர்ர்ர்ர். நட்டு அசையவில்லை. மாஸ்ரர் நாற்பது வரை எண்ணிவிட்டு, எண்ணுவதைக் கைவிட்டார்.

"தாங்கோ, நான் பாக்கிறன்." பாலசிங்கம் வாங்கிப் பிடித்தான். நூறு ஜப்பான் வான்களைப் பார்த்த கை. நட்டு அவனுக்கும் மசியவில்லை.

"எனக்கொண்டும் விளங்கேல்லை" என்றார் மாஸ்ரர். "பெரிசுக்குப் பலம் கூட இருக்கவேணுமே. கணக்குப்படி..."

"உங்கட கணக்கை லொறி படிக்கேல்லை, மாஸ்ரர்." கதிர்காமு சின்னதைத் துடைத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். "தம்பி, தோத்தது உன்ர."

வீட்டில் அம்பிகை கொதித்தாள். "கூடப் பிறந்தவர் பழுதை உங்கட தலையில கட்டிவிட்டிட்டார். நீங்களும் வாய் பேசாமல் காவிக்கொண்டு வாறியள்!"

"அவர் தந்ததெண்டால் தொட்டிருக்க மாட்டன். இது தங்கச்சி அனுப்பினது. கதையாதையும்."

பாலசிங்கம் மிசினைப் பகுதி பகுதியாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் விட்டுத் திரும்பப் பொருத்தினான். மறுநாள் மினிபஸ் வந்தது. ஒரு நட்டுக்கு ஒரு செக்கன்கூட ஆகவில்லை. என்ன பழுது இருந்தது, எதைத் திருத்தினோம் என்று அவனுக்கே தெரியவில்லை. ஆனாலும் திருத்தியது தானே என்பதில் சந்தேகம் இல்லை.

மூன்று பஸ்ஸும் அவனிடமே வந்தன.

"அண்ணைக்கு மூச்சு விடாதையும்" என்று அம்பிகையிடம் சொல்லி வைத்தான். "நான் திருத்தினது தெரிஞ்சால் திருப்பிக் கேப்பார்."

வேலணை ஆட்களின் தலை தெரிந்தால், மிசின் சாக்குக்கு அடியில் போய்விடும்.

மூன்றாம் மாதம், அண்ணனின் லொறியே ரயர் வெடித்துக் கொட்டிலின் முன்னால் வந்து நின்றது. இடப்பக்கத்து முன்சில்லு. ஓட்டி வந்தவர் கதிர்காமுவின் பழைய சாரதி அரியநாயகம். பாலசிங்கம் கைச்சாவியால் திருகிப் பார்த்தான்; நட்டு அசையாமல் போக, வேறு வழியில்லாமல் சாக்கைத் தூக்கினான்.

டர்ர்ர்ர்ர். நட்டு அசையவில்லை. திரும்பவும் பழுதா?

"தம்பி, விடும், விடும்! இறுக்கிறீர்!" தெருவோரம் நின்ற அரியநாயகம் ஓடிவந்தார். "இந்த லொறிக்கு இடப்பக்கத்து நட்டெல்லாம் மறுவளம். மற்றப் பக்கம் சுத்தினால்தான் கழரும். வலப்பக்கம் வழமை மாதிரி."

பாலசிங்கம் மிசின் சுற்றும் பக்கத்தை மாற்றினான். நட்டு தொட்டவுடன் கழன்று கையில் விழுந்தது.

"சரியான சாமான்!" என்றார் அரியநாயகம். "எங்கட முதலாளி அந்தச் சின்னனை வைச்சுக்கொண்டு படுற பாடு! அங்க போட்டி வைச்ச மறுநாள், மிசின் இறுக்கிவிட்ட இந்தச் சில்லைக் கழட்ட, சாவியில பைப்பைக் கொழுவி நாங்கள் ரெண்டு பேர் ஏறி நிண்டனாங்கள். அவர் கதிரையில இருந்து சிரிக்கிறார்."

பாலசிங்கம் நட்டைத் திருப்பி அதன் புரியைப் பார்த்தான்.

"ஆனால் தம்பி, ஒண்டு மட்டும் எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை. இடப்பக்கம் மறுவளமெண்டு இருபது வருசத்துக்கு முந்தி எனக்குச் சொல்லித் தந்ததே உம்மட அண்ணைதான்."